கட்டிலின் மேல் விழுந்த நடுப்புள்ளி

மதியச் சாப்பாட்டுக்காகப் பார்சல் ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வந்தேன். வாசல் நிறையச் செருப்புகள். ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, வார் அறுந்து ஊக்குக் குத்திய செருப்பு. எங்கள் பக்கம் பட்டப்பகலில் ஒரு வீட்டு வாசலில் இவ்வளவு செருப்பு கிடந்தால் உள்ளே ஜெபக்கூட்டம் நடக்கிறது, இல்லையென்றால் யாரோ போய்விட்டார்கள். ஜெபக்கூட்டத்துக்கு நான் யாரையும் அழைக்கவில்லை.

உள்ளே ஓடினேன். என் கணவர் சூசை கட்டிலில் மல்லாந்து கிடந்தார். சுற்றிலும் தெருக்காரர்கள் நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்து அழத் தயாரானபோது அவர் குறட்டை விட்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் திட்டித் தீர்த்த குறட்டை. அன்றைக்கு அது எனக்குக் கோயில் மணி மாதிரி கேட்டது.

அப்புறம்தான் கயிறுகளைப் பார்த்தேன். ஒன்று முன்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகப் போனது. இன்னொன்று சமையலறை ஜன்னலில் நுழைந்து, மிளகாய்ப்பொடி டப்பாவைத் தள்ளிவிட்டு, எதிர் ஜன்னல் வழியே வெளியேறியது. இரண்டும் துணி காயப்போடும் கொடிக்கயிறுகள். பல வீட்டுக் கயிறுகளை முடிச்சுப்போட்டு நீளமாக்கியிருந்தார்கள். ஒன்றில் யாருடைய உள்பாவாடையோ கிளிப்போடு அப்படியே தொங்கியது. இரண்டு கயிறும் சூசையின் வயிற்றுக்கு மேலே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. அவர் மூச்சு இழுக்கும்போதெல்லாம் பனியன் எழும்பி வந்து கயிற்றைத் தொட்டுவிட்டுப் போனது.

கட்டிலின் தலைமாட்டில் ஞானப்பிரகாசம் சார் கையில் சாக்பீஸோடு நின்றார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர்.

"சத்தம் போடாதீங்கம்மா. அவர் தூங்குறார்" என்றார் என்னைப் பார்த்து, என் வீட்டில்.

"என்ன சார் இது?"

"நடுப்புள்ளி."

"எதுக்கு நடுப்புள்ளி?"

"தண்ணி டேங்குக்கு. எல்லா வீட்டுக்கும் சம தூரத்துல வைக்கணும்னு முடிவு பண்ணோம்ல. அளந்து பாத்தா இங்கதான் வருது." சூசையின் தொப்புளுக்கு ஒரு விரல் மேலே, காற்றில், பெருக்கல் குறி ஒன்றைப் போட்டார்.

சூசை கண்ணைத் திறக்காமல் கேட்டார்: "முருங்கக்கா லோடு ஏறிருச்சா?"

"ஏறிருச்சுண்ணே. நீங்க தூங்குங்க" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அவர் ஒருக்களித்துப் படுத்தார். நடுப்புள்ளி தொப்புளிலிருந்து இடுப்புக்கு நகர்ந்தது.

தண்ணீர் ஏறாத மேடு

சூசையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் இருக்கிறார். கேரளா லாரிகளுக்கு லோடு ஏற்றிவிட்டு, விடிந்த பிறகு பஸ் பிடித்து வீடு வருவார். ஊர் விழித்திருக்கும்போது தூங்குகிறவர். அதனால் ஊரில் நடக்கிற எதற்கும் பொறுப்பாளி ஆகாதவர். அந்த மனிதரின் வயிற்றில்தான் ஊரின் நடு வந்து விழுந்தது.

நாங்கள் இருக்கிற மேடு திண்டுக்கல்லின் ஓரத்தில் ஒரு சரிவு. கீழே மெயின் ரோடு, மேலே பாறை. நடுவில் படிக்கட்டு மாதிரி மூன்று தெருக்கள். அடிவாரத்தில் முதல் தெரு. இடுப்பில் இரண்டாம் தெரு. அதில்தான் என் வீடு. பாறையை ஒட்டி மூன்றாம் தெரு. எந்தத் தெருவில் நின்றாலும் மலைக்கோட்டை தெரியும். அது நம்மைப் பார்க்காது. பணக்காரச் சொந்தக்காரர் மாதிரி வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கும்.

முதல் தெருவில் குழாயில் தண்ணீர் வரும். வருவதை மோட்டார் வைத்து உறிஞ்சுவார்கள். இரண்டாம் தெருவில், முதல் தெருக்காரர்கள் அசந்திருந்தால் வரும். மூன்றாம் தெருவில் குழாயைத் திறந்தால் காற்று வரும், நாகப்பாம்பு மாதிரி சீறிக்கொண்டு. மூன்றாம் தெருக் குழாய்களுக்குத் தண்ணீர் என்பது செவிவழிச் செய்தி.

தண்ணீர் லாரியும் மேடு ஏறாது. முதல் தெரு முக்கிலேயே நின்று ஹாரன் அடிக்கும். மேலிருந்து வெறுங்குடங்களோடு இறங்கி, நிறைகுடங்களோடு ஏறவேண்டும். பல கோடைக்காலமாக இதுதான் மேட்டின் நாட்டியம்.

அந்த நாட்டியத்தில் யாருக்கு என்ன போனாலும், பவுனுத்தாய் அக்காவுக்கு எல்லாமே போய்விடும் போலிருந்தது. அக்கா வீடு மூன்றாம் தெருவின் கடைசியில். வாடகை வீடு. தோசை மாவு அரைத்து விற்பது தொழில். மூன்று தெருக்களின் காலைச் சாப்பாடும் அவள் கிரைண்டரில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. மாவுக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்கு முட்டி வேண்டும். அக்காவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. வலது முட்டி அதற்கும் முன்னாலேயே தாண்டிவிட்டது. ஒரு கை குடத்தில், ஒரு கை முட்டியில், வாய் மாநகராட்சியின் மேல். அப்படித்தான் ஏறி வருவாள்.

"இனிமே வெயிட்ட தூக்கி மேடு ஏறக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு ரோஸி" என்றாள் ஒருநாள் என் வாசலில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு.

"அப்ப என்னக்கா செய்யப் போறீங்க?"

"தண்ணியில்லன்னா மாவு இல்ல. மாவு இல்லன்னா வாடகை இல்ல. வாடகை இல்லன்னா மக வீட்டுக்குப் போகணும், ஒட்டஞ்சத்திரத்துக்கு. அங்க அந்தத் தங்கவேலு இருக்கானே."

தங்கவேல் அவளுடைய மருமகன், வெங்காய வியாபாரி. கல்யாணமான புதிதில் முதல் விருந்தில், மிக மரியாதையாக, "இட்லி கொஞ்சம் கெட்டிங் அத்தை" என்று சொன்னவர். அந்த வாக்கியம் சொல்லி எவ்வளவோ காலமாகிறது. அக்காவுக்கு அது நேற்று.

"அவன் வீட்டுல போயி இருக்கதுக்கு மலக்கோட்ட உச்சியிலருந்து குதிச்சுரலாம். அதுக்கும் ஏற முடியலயே, முட்டி."

பெட்டி மேல் நின்ற மூன்று பேர்

இப்படி இருக்கும்போதுதான் மாநகராட்சி எங்கள் மேட்டுக்கு ஒரு ஆழ்துளைக் கிணறும் குழாய்கள் வைத்த ஒரு கறுப்பு டேங்கும் ஒதுக்கியது. கிணறு எங்கே தோண்டினாலும் குழாய் இழுத்து டேங்கை மூன்று தெருக்களில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். எங்கே என்பதை மக்களே கூடி முடிவு செய்ய வேண்டும் என்றார்கள்.

முடிவு செய்யும் முறையை விளக்க ஒரு பொறியாளர் பெண் வந்தாள். சின்ன வயது. பெரிய கண்ணாடி. கோயில் மண்டபத்தில் திரை கட்டிப் படம் போட்டாள். சூசைக்கு அன்று மார்க்கெட் லீவு, அவரும் வந்திருந்தார்.

படத்தில் ஒரு உயரமான சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கிரிக்கெட். இந்தப் பக்கம் மூன்று பேர்: நெட்டை, நடுத்தரம், குட்டை. ஆளுக்கு ஒரு மரப்பெட்டி மேல் நிற்கிறார்கள். நெட்டைக்குப் பெட்டி இல்லாமலே தெரியும். குட்டைக்குப் பெட்டி மேல் ஏறியும் தெரியவில்லை. அடுத்த படத்தில் நெட்டை தன் பெட்டியைக் குட்டைக்குக் கொடுத்துவிட்டான். மூவருக்கும் ஆட்டம் தெரிகிறது.

"இதுல எது சமம், எது நியாயம்? சொல்லுங்க பாப்போம்" என்றாள் அந்தப் பெண் ஆசையாக.



முதல் தெருவிலிருந்து பஸ் கண்டக்டர் ஒருவர் எழுந்தார். "டிக்கெட் எடுக்காம பாக்குறது எப்பிடி மேடம் நியாயமாகும்?"

"இல்லண்ணா, இது ஒரு உதாரணம்."

"உதாரணமா இருந்தாலும் டிக்கெட் டிக்கெட்தான மேடம்."

சூசை கையைத் தூக்கினார். "அது தக்காளிப் பெட்டிம்மா. ஆப்பிள் பெட்டின்னா தாங்கும். தக்காளிப் பெட்டி மேல இன்னொரு தக்காளிப் பெட்டிய வச்சு ஆளு ஏறி நின்னா, நடுப்பலகை பொளந்துரும். நாங்க தினம் பாக்குறோம்."

"பெட்டி முக்கியமில்ல சார்."

"விழுந்தா முக்கியம்."

பவுனுத்தாய் அக்கா பின்னாலிருந்து கேட்டாள்: "கால்கடுக்க நின்னு பாக்குறதுக்கு அந்தப் பெட்டிய கவுத்துப் போட்டு மூணு பேரும் உக்காந்து பேசிக்கிட்டு இருக்கலாம்ல?"

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பாவம், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்தபோது பளபளவென்று இருந்த முகம், வெயிலில் வைத்த கொத்தமல்லிக் கட்டு மாதிரி ஆகிவிட்டது.

கடைசியில் ஞானப்பிரகாசம் சார் எழுந்தார். "பெட்டி மூணு. ஆள் மூணு. ஆளுக்கு ஒண்ணு. இதுல விவாதத்துக்கே இடமில்ல. நம்ம மேட்டுலயும் அப்பிடித்தான். எல்லாருக்கும் சம தூரம். நானே அளந்து சொல்றேன்."

எல்லோரும் கைதட்டினோம். அவர் சொன்னது சரி என்பதற்காக இல்லை. மண்டபத்துக்கு வெளியே சுக்குக் காபி ஆறிக்கொண்டிருந்தது.

பாத்திரத்துக்கு ஒரு கரண்டி

எழுதிக்கொண்டே வரும்போது பிரியாணி மணக்கிறது. திண்டுக்கல்காரி எழுத உட்கார்ந்தால் எந்தப் பத்தியிலாவது பிரியாணி மணந்தே தீரும். மன்னியுங்கள்.

நான் பாவாடை சட்டை போட்டிருந்த காலம். எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் திருவிழாவுக்கு ஊர் முழுக்க பிரியாணி கொடுப்பார்கள். விடியும்போதே அண்டாக்கள் ஏறிவிடும். சீரக சம்பா வெந்து, கறி வெந்து, காற்றே வெந்து, தெருநாய்கள்கூட சண்டையை ஒத்திப்போட்டுவிட்டு மூக்கைத் தூக்கி நிற்கும்.

யாருக்கும் கூடக் குறைய போய்விடக்கூடாது என்று ஒரு வருடம் விதி போட்டார்கள்: பாத்திரத்துக்கு ஒரு கரண்டி. பாரபட்சமே கிடையாது.

என் சின்னச் சித்தப்பா வீட்டிலிருந்த டம்ளர்களை எல்லாம் ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றார். டம்ளரும் பாத்திரம்தானே. பரிமாறுகிறவர் கரண்டியை டம்ளரில் கவிழ்க்க, அது வழிந்து தட்டில் விழ, தட்டோடு சித்தப்பா வீட்டுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பெருங்குடும்பம், அண்டாவின் அடியில் ஒரே ஒரு கரண்டிச் சோற்றைப் பார்த்துக்கொண்டு போனது. கிணற்றுக்குள் விழுந்த பூனைக்குட்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

அடுத்த வருடம் விதியை மாற்றினார்கள்: தலைக்கு ஒரு கரண்டி. எங்கள் வீட்டில் தலைகள் பெருகின. சித்தையன்கோட்டையிலிருந்து ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி, சேவுகம்பட்டியிலிருந்து அவள் நாத்தனார், நாத்தனாரின் கைக்குழந்தை. குழந்தைக்குப் பல்லே முளைக்கவில்லை. அதன் பங்கை சித்தப்பா சாப்பிட்டார், குழந்தையின் முன்னேற்றத்துக்காக.

அதற்கடுத்த வருடம் விதியே போடவில்லை. பரிமாறுகிறவர் ஆளின் முகத்தைப் பார்த்துப் போட்டார். அந்த வருடம்தான் சண்டை குறைவு. சித்தப்பாவின் முகத்தைப் பார்த்து அவருக்கு எலும்பு மட்டும் விழுந்தது.

பக்கத்தில் வேண்டும், வாசலில் வேண்டாம்

கட்டிலுக்குத் திரும்புவோம். சூசை எழுந்து உட்கார்ந்துவிட்டார். கயிறு கழுத்தில் மாலை மாதிரி கிடந்தது. விஷயத்தைச் சொன்னோம். அவர் ஞானப்பிரகாசம் சாரிடம் சொன்னார்:

"டேங்க வைங்க சார். நான் வேணும்னா அதுக்குக் கீழ படுத்துக்கிறேன். குளிர்ச்சியா இருக்கும்."

"வீட்டுக்குள்ள வைக்க முடியாதுப்பா. அது எனக்கே தெரியுது. செத்த தள்ளி வச்சுருவோம்."

செத்த தள்ளி என்றால் யார் வாசல்? இதில்தான் மேட்டின் நிஜ முகம் தெரிந்தது. டேங்க் பக்கத்தில் வேண்டும் என்பதில் எல்லோரும் ஒற்றுமை. தன் வாசலில் வேண்டாம் என்பதிலும் எல்லோரும் ஒற்றுமை. வாசலில் டேங்க் வந்தால் சேறு. சேற்றில் வழுக்கல். விடிகாலையில் குடச்சண்டை. குடச்சண்டையில் வரும் வார்த்தைகளைக் குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகும்.

"எங்க வாசல்ல வேண்டாம் சார், மாமனாருக்குத் தூக்கம் கெடும்."

"எங்க வாசல்ல வேப்பமரம் இருக்கு, எலை விழும்."

"எங்க வாசல்ல வைங்க, ஆனா எதுத்தாப்புல வைங்க."

எதிர்வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்தாள். அவ்வளவுதான். கயிற்றைச் சுருட்டினோம். உள்பாவாடைக்கு யாரும் உரிமை கோரவில்லை; இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது.

எக்ஸ்ரே கண்காட்சி

பொறியாளர் பெண் மறுபடி வந்தாள். இந்த முறை படம் கொண்டுவரவில்லை. கெட்டிக்காரி. நேராகச் சொன்னாள்: "சம தூரம்னா நியாயம்னு அர்த்தமில்லங்க. யாருக்கு ரொம்பக் கஷ்டமோ, யாருக்குத் தேவை அதிகமோ, அவங்களுக்குப் பக்கத்துல வைக்கணும். அடுத்த கூட்டத்துல அதப் பேசுங்க."

நல்ல மனசோடு சொன்னாள். பேசுங்கள் என்றாள், எங்கள் மேட்டுக்காரர்கள் நிரூபியுங்கள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளாளுக்கு ஒரு பழுப்புக் கவரோடு வந்தார்கள். பீரோவுக்கு மேலே, மெத்தைக்குக் கீழே, மாதா படத்துக்குப் பின்னாலே இருந்த எக்ஸ்ரேக்கள் எல்லாம் கிளம்பி வந்துவிட்டன. டியூப் லைட்டுக்குக் கீழே வரிசை. ஒருவர் முதுகெலும்பை உயர்த்திப் பிடித்தார். இன்னொருவர் பித்தப்பைக் கல்லைக் காட்டினார். கண்டக்டர் தன் கழுத்தெலும்பைக் காட்டி, விசில் ஊதி ஊதித் தேய்ந்தது என்றார். மண்டபம் முழுக்க நீலமும் கறுப்புமாக எங்கள் ஊரின் உள்பக்கம் மிதந்துகொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது. உள்ளே போனால் எல்லோரும் ஒரே நிறம் என்று ஒரு வரி மனதில் ஓடியது. எழுத நேரமில்லை.

இரண்டாம் தெருவிலிருந்து ஒரு பெண்மணி இரண்டு நுரையீரல்களை எடுத்துக் காட்டினாள்.

"இது யாருதும்மா?" என்றார் ஞானப்பிரகாசம் சார்.

"எங்க மாமனாரு."

"அவரு இறந்துட்டார்ல?"

"இருந்தப்ப எடுத்தது சார்."

பவுனுத்தாய் அக்கா வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க எக்ஸ்ரே எடுக்கலையாம்மா?"

"எடுக்கணும்னா கீழ எறங்கிப் போகணும். எடுத்துட்டுத் திரும்ப மேல ஏறணும். ஏற முடிஞ்சா நான் எதுக்கு எக்ஸ்ரே எடுக்கேன்?"

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். சார் மட்டும் சிரிக்காமல் தீர்ப்புச் சொன்னார்.

"இங்க எல்லாருக்கும் நோய் இருக்கு. ஆகவே எல்லாருக்கும் தேவை இருக்கு. ஆகவே எல்லாரும் சமம். ஆகவே நடுப்புள்ளி. சூசை வீட்டுக்குள்ள வைக்க முடியாததால, வீட்டுக்கு முன்னால இரண்டாந்தெருவுலயே வைக்கிறோம்."

இரண்டாம் தெருவிலிருந்து மூன்றாம் தெருக் கடைசி வரைக்கும் உள்ள ஏற்றம்தான் மேட்டிலேயே செங்குத்தானது. அக்காவுக்கு அது தெரியும். எங்களுக்கும் தெரியும். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தோம். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். புடவையைத் தட்டிவிட்டு எழுந்து, ஒன்றும் பேசாமல், முட்டியைப் பிடித்துக்கொண்டு மேலே போனாள்.

மறுநாள் மாவு இல்லை.

அதற்கு மறுநாளும் இல்லை. "மக வீட்டுக்குப் போறேன். வீட்டு ஓனர்ட்ட சொல்லிட்டேன்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. மூன்று தெருவிலும் ரவை வறுக்கிற வாசம் எழுந்தது. உப்புமா. காலையில் உப்புமா, டிபன் பாக்ஸில் உப்புமா, சாயந்திரம் மிஞ்சிய உப்புமா. குழந்தைகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போயின. தெருவில் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் நடந்தோம். ஞானப்பிரகாசம் சாருக்கு உப்புமா என்றால் நெஞ்சில் அடைக்கும். அவருடைய நடையில் ஒரு தளர்ச்சி வந்தது.

மாப்பிள்ளை பேசிய நியாயம்

சாமான் ஏற்றிப் போக ஒரு குட்டியானை வண்டி வந்து என் வீட்டு வாசலில் நின்றது. அதற்கு மேல் ஏற மாட்டேன் என்று புகைவிட்டது. தங்கவேல் இறங்கினார். ஒல்லியான, வெள்ளைச் சட்டை போட்ட, பயந்த மனிதர். அந்த நேரம் பார்த்துப் பொறியாளர் பெண்ணும் ஞானப்பிரகாசம் சாரும் டேங்க் மேடைக்காக என் வாசலுக்கு எதிரே சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தங்கவேல் கோட்டைப் பார்த்தார். மேலே மூன்றாம் தெருவைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க தம்பி."

"மொதத் தெருவுல கொழாய்ல தண்ணி வருதுங்களா?"

"வருது."

"ரெண்டாந்தெருவுலீங்க?"

"அப்பப்ப வரும்."

"மூணாந்தெருவுலீங்க?"

சார் யோசித்தார். "காத்து வருது."

"அப்ப தண்ணி இருக்கறவருக்கும் காத்து இருக்கறவருக்கும் நடுவால டேங்க வெச்சா அது எப்படிங்க சமமாவும்? என்ற மாமியா வயசானவங்க. ஒண்டியா பொழைக்கறவங்க. இத்தன வருசம் உங்க அத்தன பேருக்கும் மாவு ஆட்டிக் குடுத்தவங்க. அவங்கள ஊரை விட்டு அனுப்பறீங்களே, இது அடுக்குங்களா?" அவர் கண்ணில் நீர் கோத்தது. "டேங்க உச்சியில வெச்சுப் பாருங்க. வெறுங்கொடத்தோட ஏறலாம், நெறகொடத்தோட எறங்கலாம். இப்ப தலகீழால்ல பண்ணிட்டு இருக்கீங்க?"

பொறியாளர் பெண் சுண்ணாம்புக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, முதன்முதலாக யாரோ தன் மொழியில் பேசியதுபோல அவரைப் பார்த்தாள். தெருவிலிருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். மாமியாருக்காக இப்படி உருகுகிற மாப்பிள்ளையை அந்த மேடு அதற்கு முன் கண்டதில்லை.

ஞானப்பிரகாசம் சார் தொண்டையைச் செருமினார். "இதத்தான் நானும் ஆரம்பத்துலருந்து சொல்லிட்டு வாரேன்."

"நீங்க எங்க சார் சொன்னீங்க?" என்றது ஒரு குரல்.

"மனசுக்குள்ள சொன்னேன்." வயிற்றைத் தடவிக்கொண்டார். "அந்தம்மா இருக்கட்டும். டேங்க் மேலயே போகட்டும். நாளைக்கு மாவு கெடைக்குமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க தம்பி."

முதல் தெருக்காரர்கள் முணுமுணுத்தார்கள். உங்களுக்குத்தான் குழாய் இருக்கிறதே என்று இரண்டாம் தெரு ஒரே குரலில் சொன்னது. இரண்டாம் தெருவுக்கு அவ்வளவு நியாய உணர்ச்சி திடீரென்று எப்படி வந்தது என்று யோசித்தேன். டேங்க் எங்கள் யார் வாசலிலும் வரப்போவதில்லை அல்லவா.

வண்டியைத் திருப்பும்போது தங்கவேலுக்கு மோர் கொடுத்தேன். சூசை அவர் தோளில் கை போட்டார். "ஏப்பா, மாமியா மேல இம்புட்டுப் பாசமா?"

தங்கவேல் மேலே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணா, எங்களுது ஒத்தை ரூம்புங்ணா. அத்தை வந்தாங்கன்னா நான் வெங்காய மூட்டை மேலதான் படுக்கோணும்."

முதல் குடம்

பாறையை ஒட்டி, மூன்றாம் தெருக் கடைசியில், மேடை எழும்பியது. கறுப்பு டேங்க் வந்து உட்கார்ந்தது. யாரோ சந்தனம் பூசி மாலை போட்டார்கள். யாரோ ஒரு ஜெபமாலையையும் மாட்டினார்கள். தண்ணீர் இரண்டையும் ஏற்றுக்கொண்டது.

முதல்நாள் சாயங்காலம் மூன்று தெருவும் வெறுங்குடங்களோடு மேலே ஏறியது. இடுப்பில், தோளில், சைக்கிள் கேரியரில், பச்சையும் ஆரஞ்சுமாகக் குடங்கள். ஒன்றோடொன்று மோதிக்கொண்டு டொக் டொக்கென்று ஒரு ஊர்வலம். கீழிருந்து வந்த கண்டக்டர் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். "இந்தப் பொம்பள இத்தன வருசம் இதுல நெறகுடத்தோடயா ஏறுச்சு?" என்று யாரிடமோ கேட்டார். எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. எனக்கு உபமானம்கூட வரவில்லை, மூச்சுதான் வந்தது.

பவுனுத்தாய் அக்கா தன் வாசல்படியில் ராணி மாதிரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். டேங்க் அவளிடமிருந்து கை எட்டுகிற தூரம். மகளும் மருமகனும் ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்திருந்தார்கள். முதல் குடத்தைத் தங்கவேல்தான் பிடிக்க வேண்டும் என்று ஊரே ஒருமனதாகச் சொல்லிவிட்டது. அவர் வெட்கத்தோடு பிடித்தார். தூக்கித் தோளில் வைத்தார். நிம்மதியான முகம். இத்தனை நாளில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேசிய பேச்சை ஆளுக்கு ஒரு தடவை அவளிடம் சொல்லியிருந்தோம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டி.

"மாப்ள" என்றாள். அவள் வாயில் அந்தச் சொல் அவ்வளவு மெதுவாக வந்து நாங்கள் கேட்டதில்லை. "என் வயித்துல பொறந்த மகன் இருந்தாக்கூட எனக்காக இப்பிடிப் பேசியிருக்க மாட்டான்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங் அத்தை."

"ஒங்க ஊருல தண்ணி எப்பிடி?"

"அங்கயும் செரமந்தானுங்க. வாரத்துக்கு ஒருக்கா வருதுங்க" என்றார் யோசிக்காமல்.

"அப்ப எதுக்கு அங்க வாடகையும் குடுத்துக்கிட்டு தண்ணிக்கும் அல்லாடிக்கிட்டு? சாமான ஏத்திக்கிட்டுப் புள்ளைகளோட இங்க வந்துருங்க. எல்லாரும் ஒண்ணா இருப்போம். இந்தா, வாசல்லயே தண்ணி."

"நானும் இதத்தாம்மா நெனச்சேன்" என்றாள் மகள்.

தங்கவேல் மனைவியைப் பார்த்தார். ஞானப்பிரகாசம் சாரைத் திரும்பிப் பார்த்தார், காப்பாற்றுங்கள் என்பதுபோல.

சார் தலையை ஆட்டினார். "நியாயம்தானே தம்பி. யாருக்குத் தேவை அதிகமோ, அவங்க தண்ணிக்குப் பக்கத்துல இருக்கணும். நீங்கதான சொன்னீங்க."

குடத்தை இறக்க மறந்து நின்றார் தங்கவேல். தோளிலிருந்து வழிந்த தண்ணீர் வெள்ளைச் சட்டையை நனைத்து, வேட்டியை நனைத்து, சரிவைப் பார்த்து ஓடியது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், என் முகத்தையும் சேர்த்து. அவருக்காக ஒரு வார்த்தை பேச அந்த மேட்டில் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் குடம் பிடித்துக்கொண்டிருந்தோம்.